டீ போட ஒரு பாடத்திட்டம்

கேள்வி: என் மகனுக்கு 22 வயது. அறிவுசார் குறைபாடு உண்டு. ஒரு டீ போட்டுக்கொள்ளக்கூடத் தெரியாது. இனிமேல் பழக்க முடியுமா?
– வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக.

டீ போடுவது நமக்கு ஒரே வேலை. புதிதாகப் பழகுபவருக்கோ பாத்திரம் எடுப்பது, தண்ணீர் அளப்பது, தூள் போடுவது, வடிகட்டுவது எனப் பத்துப் பன்னிரண்டு வேலைகள். சிறப்பாசிரியர்கள் இவற்றைத் தனித்தனியாகப் பிரித்து, பல நேரம் கடைசிப் படியிலிருந்து தொடங்குவார்கள். மற்றதையெல்லாம் அம்மா முடித்துவிட, மகன் சர்க்கரை போட்டுக் கலக்குவார். உடனே குடிக்கவும் செய்வார். அது கைவந்த பிறகு வடிகட்டுவது, அப்புறம் அதற்கு முந்தைய படி. முதலில் கையைப் பிடித்துச் செய்ய வைப்பது, பிறகு முழங்கையை லேசாகத் தொடுவது, பிறகு விரலால் காட்டுவது என்று உதவியும் படிப்படியாகக் குறையும். தண்ணீர் அளக்க எப்போதும் ஒரே டம்ளர். கேஸ் பயமென்றால் இண்டக்‌ஷன் அடுப்பு.

எங்கே தொடங்குவது என்று கணிக்க, சென்னையில் ஜெயச்சந்திரனும் விமலாவும் உருவாக்கிய 'மெட்ராஸ் டெவலப்மென்டல் புரோகிராமிங் சிஸ்டம்' இருக்கிறது. 18 பிரிவுகளில் 360 திறன்களைப் பட்டியலிடும் அதில் வீட்டு வேலைகளும் உண்டு. சிறப்பாசிரியரிடம் கேட்கலாம்.

பெரிய தடை பெரும்பாலும் வீட்டாரின் அவசரம்தான்: "தள்ளு, நானே போடுறேன்!" காலைப் பரபரப்பை விட்டுவிட்டு, மாலை நாலு மணி டீக்குப் பழக்கலாம். சிந்தினால் துடைக்கும் துணியையும் அவரிடமே கொடுங்கள். அதுவும் பாடத்தில் சேர்த்திதான்.