அடுத்தவர் உதட்டில் என் நாயனம்

மார்கழியில் கல்யாணம் கிடையாது, கோயில் கொடையும் குறைவு. மேளக்காரன் வெளியூர் போய் வர அதுதான் தோதான மாதம். ஒரு மார்கழியில்தான் சங்கரன்கோவிலிலிருந்து மதுரை, கும்பகோணம் என்று பஸ் மாறி மாறி நரசிங்கம்பேட்டைக்குப் போய், எனக்கென்று சொல்லிச் செய்த நாகசுரத்தை வாங்கி வந்தேன். எங்கள் பக்கம் அதை நாயனம் என்றுதான் சொல்வோம். அதை மற்ற வித்வான்களிடம் காட்டியபோது நான் செய்த தவறையும், பிறகு கற்றதையும் எழுதி வைத்தால் புது நாயனம் வாங்கும் பையன்களுக்கு உதவும்.

நரசிங்கம்பேட்டை ஆடுதுறைக்கும் குத்தாலத்துக்கும் நடுவில் இருக்கிறது. நாகசுர மேதை ராஜரத்தினம் பிள்ளையின் திருவாவடுதுறை பக்கத்திலேயே. அவருக்காக ரங்கநாதன் ஆசாரி செய்து கொடுத்த பாரி நாயனத்தில்தான் சுத்த மத்திமம் சுத்தமாகப் பேசியது என்பதை எங்கள் தொழிலில் சின்னப் பையன்கூடச் சொல்வான். 2022-ல் அந்த ஊர் நாகசுரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அதைச் செய்கிற குடும்பங்களை இன்று விரல்விட்டு எண்ணிவிடலாம். மரமும் லேசில் கிடைப்பதில்லை. உலவு என்கிற குழலுக்கு ஆச்சா மரம் வேண்டும். அதுவும் பழைய வீடு இடிக்கும்போது கிடைக்கிற உத்தரமாக இருக்க வேண்டும். ஈரம் போகாத மரத்தைக் கடைந்தால் இரண்டு கோடைக்குள் விரிசல் விடும். இதற்கு முன்னால் நான் ஒரு கடையில் அவசரத்துக்கு வாங்கிய நாயனம், ஒரு சித்திரை மாதம் கொடைப் பந்தலிலேயே கீழ்ப்பக்கம் வாய் பிளந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் நேரே அந்த ஊர் ஆசாரி ஒருவரிடம் போனேன்.

என் அப்பா வாசித்தது குட்டையான, சுருதி ஏறிய திமிரி. நான் கேட்டது நீளமான, சுருதி இறங்கிய பாரி, இரண்டரைக் கட்டையில். நான் நையாண்டி மேளத்தில் வாசிக்கிறவன். இரண்டு தவில், பம்பை, உறுமி, தமுக்கு எல்லாம் சேர்ந்து அடிக்கும்போது கீழ் ஸ்தாயி காணாமல் போய்விடும். அது கனமாகப் பேச வேண்டும் என்று மட்டும் சொன்னேன். கடைசலில் உலவு உருண்டு திரண்டு வருவதைப் பார்த்துக்கொண்டே ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் தடவியதும் மரம் கருஞ்சிவப்பாக மாறியது. அடியில் விரிந்திருக்கும் அணைசு வாகை மரம். கையில் வாங்கியபோது பிறந்த பிள்ளையை வாங்கிய மாதிரிதான் இருந்தது.

தை பிறந்ததும் முதல் முகூர்த்தம். மண்டபத்தில் மூன்று செட்டு ஆட்கள் இருந்தார்கள். பந்தி முடிந்ததும் உறையைப் பிரித்தேன். ஊதுவதற்கு என் சீவாளியையே வைத்து, எனக்கு நன்றாகக் கை வரும் ஒரு உருப்படியை வேகமாக வாசித்துக் காட்டினேன். எல்லோரும் "நல்லா இருக்கு" என்றார்கள். ஒருவர் விலை கேட்டார், ஒருவர் போனில் படம் எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான். மனது நிறைந்து வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் தெற்கு ரத வீதி டீக்கடையில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். அறுபது வருடமாக ஊதுகிறவர். காருகுறிச்சி அருணாசலத்தின் கச்சேரியை, சிறுவனாக அப்பா தோளில் உட்கார்ந்து கேட்டவர். "நேத்து வாசிச்சியாமே, கேள்விப்பட்டேன்" என்றார். "நீ வாசிச்சா எல்லாரும் உன்னையத்தாம்டே கேப்பாங்க. மரத்தை எப்பம் கேக்குறது? குடு இங்கே."

தன் சட்டைப்பையிலிருந்து சொந்தச் சீவாளியை எடுத்தார். அதை வாயில் வைத்து ஈரமாக்கி, குச்சியால் அதன் வாயைச் சற்றே திறந்து, நாயனத்தின் மேல்முனைக் கெண்டையில் சொருகினார். ராகம், உருப்படி எதுவும் இல்லை. ஏழு துளையையும் மூடிக்கொண்டு ஒரே சுரத்தை நீட்டினார். பிறகு ஒவ்வொரு விரலாகத் தூக்கி நிறுத்தி நிறுத்தி ஊதினார். மறுபடி அடிச்சுரத்துக்கே வந்தார். அது ஓர் இழை தூக்கலாக நின்றது. அப்போதுதான் எனக்குக் கேட்டது.

ஒரு மாதமாக நான் ஊதியபோது அந்தத் தூக்கல் எனக்குத் தெரியவே இல்லை. நாயனத்தில் சுரம் துளையில் பாதி, மூச்சிலும் உதட்டிலும் பாதி. வாங்கிய நாலைந்து நாளிலேயே என் உதடு அந்த இடத்தில் தானாகத் தளர்ந்து சுரத்தை இறக்கிக் கொடுக்கப் பழகிவிட்டது. மரத்தின் குறையை என் உதடே மூடிக்கொண்டிருந்தது. இரவு முழுக்க வாசித்தால் விடியற்காலையில் கன்னம் வலிப்பது அதனால்தான் என்று பெரியவர் சொன்னார். பிறகு தேன்மெழுகைக் கடுகளவு கிள்ளி, விரல் துளைகளுக்குக் கீழே இருக்கும் ஐந்து துளைகளில் ஒன்றின் ஓரத்தில் வைத்து அழுத்தினார். ஊதினார். போதவில்லை. இன்னும் கொஞ்சம் வைத்தார். சுரம் உட்கார்ந்தது.

அதனால் புது நாயனம் வந்தால், உங்கள் உதடு பழகுவதற்கு முன்னால், முதல் வாரத்திலேயே இன்னொருவர் கையில் கொடுத்துவிடுங்கள். அவர் தன் சீவாளியைப் போட்டு ஊதட்டும். சீவாளி கொறுக்கைத் தட்டையில் செய்வது, ஒன்று போல் இன்னொன்று இருக்காது. உங்களுக்குப் பொருந்திய சீவாளி அவருக்கு அடைக்கும், குறை மரத்திலா சீவாளியிலா என்று தெரியாமல் போய்விடும். பத்துப் பேர் கூடிய இடத்தில் கொடுக்கவும் வேண்டாம். அங்கே யாரும் மனதில் பட்டதைச் சொல்ல மாட்டார்கள், சொன்னால் உங்கள் முகம் வாடும் என்று அவர்களுக்குத் தெரியும். ஒருவர் அல்லது இருவர், டீக்கடை, ஒரு மணி நேரம் போதும்.

"எப்படி அண்ணே இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்குடே" என்றுதான் பதில் வரும். "எந்தச் சுரத்துக்கு மூச்சு அதிகமாப் போகுது?" என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்கு எனக்கு மூன்று பேரிடம் ஒரே பதில் வந்தது. அதை ஆசாரியிடம் போனில் சொன்னேன். எந்தத் துளையில் எவ்வளவு மெழுகு, எங்கே கை வைக்கவே கூடாது என்று அவர் வரிசையாகச் சொன்னார். தன் நாயனத்தைப் பற்றி இப்படி யாராவது திருப்பிச் சொல்ல மாட்டார்களா என்று அவர் காத்திருந்தது குரலிலேயே தெரிந்தது. விலை கேட்பவர்களிடம் மறைக்காமல் விலையையும் ஊரையும் நான் சொல்லிவிடுகிறேன். அடுத்த வேலை அவர் பட்டறைக்குப் போக அதுதான் வழி.

தவில்காரரையும் மறக்கக் கூடாது. எங்கள் தவில்காரர் என் நாயனத்தைத் தொடவே இல்லை. பத்தடி தள்ளி உட்கார்ந்து தட்டிக்கொண்டே, "மேல போகப் போக நீ என்னை விட்டு ஓடுதே, மாப்ளே" என்றார். அதனால் அடுத்த மூன்று மாதம் காலையில் உருப்படியைத் தொடாமல் நீட்டு சுரம் மட்டும் ஊதினேன். மரத்துக்கும் மூச்சு ஏற வேண்டும். ஒவ்வொரு நாளும் வாசித்து முடித்ததும் உள்ளே துணி விட்டு ஈரத்தைத் துடைத்து, நிழலில் வைத்தேன். மூடிய காருக்குள் ஒரு நாளும் விட்டதில்லை.

ஆடித் தபசு வந்தது. கோமதியம்மன் ஒற்றைக்கால் தபசுக்குப் புறப்படும் நாளில் ஊரே தெற்கு ரத வீதியில்தான் நிற்கும். அன்று சாயங்காலம் எங்களுக்கு ஒரு மண்டகப்படியில் வாசிப்பு. நடுவில் என் தம்பி முறை ஆகிற பையனிடம் நாயனத்தைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் குடிக்கக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

ஊதுகிறவனுக்குத் தன் நாயனம் முழுசாகக் கேட்பதே இல்லை. அணைசு அவனை விட்டு விலகித்தான் பார்த்திருக்கிறது. ஏழு மாதமாக என் கையில் இருந்ததை அன்றுதான் நான் எதிரே நின்று கேட்டேன். பம்பை, உறுமி, ராட்டினச் சத்தம், பொரிகடலைக் கடைக்காரர் கூப்பாடு எல்லாவற்றுக்கும் அடியில் அந்தக் கீழ்ச்சுரம் தரையோடு தரையாக வந்தது. தண்ணீர்ப் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல், பையன் அந்தப் பாட்டை முடிக்கும் வரை அங்கேயே நின்றிருந்தேன்.