முன்னோட்ட ஆய்வு எதற்காக?

நோய்த்தணிப்புச் சிகிச்சையில் ஓர் ஆய்வைத் தொடங்குமுன், 'பலன் தருமா?' என்பதற்கும் முற்பட்ட கேள்வி ஒன்றுக்கு நாங்கள் விடை காண வேண்டும்: களைத்திருக்கும் ஒருவரால் இந்த ஆய்வைத் தாங்க இயலுமா? அதை அறியவே சிறிய முன்னோட்ட ஆய்வு.

எத்தனை பேர் இசைகிறார்கள், எத்தனை பேர் இடையில் விலகுகிறார்கள், வினாத்தாளை நிரப்ப முடிகிறதா என்பவற்றையே அதில் கணக்கிடுகிறோம். உடல் நலிந்து ஒருவர் விலகுவது அவர் தவறன்று; ஆய்வின் அமைப்பைத் திருத்த எங்களுக்கு உதவும் செய்தி.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முற்றிய நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 51 பேரிடம் இத்தகைய ஆய்வு நடந்தது. மாதந்தோறும் நோய்த்தணிப்புக் குழுவைச் சந்திக்க அவர்களால் இயலுமா என்று பார்த்தார்கள், பெரும்பாலோரால் இயன்றது. அந்த முடிவு 2007இல் வெளியானது. அதைத் தொடர்ந்து 151 பேரிடம் நடந்த பெரிய ஆய்வு 2010இல் வெளிவந்தது. தொடக்கத்திலேயே இச்சிகிச்சையும் பெற்றவர்களுக்கு வாழ்க்கைத் தரம் உயர்ந்திருந்தது, மனச்சோர்வு குறைந்திருந்தது. பலனை உறுதிசெய்தது பெரிய ஆய்வு. அதற்கு வழி அமைத்தது சிறிய ஆய்வு.

ஆய்வில் சேர உங்களை அழைத்தால், எத்தனை முறை வரவேண்டும், எவ்வளவு நேரமாகும் என்று தயங்காமல் கேளுங்கள். மறுத்தாலும், இடையில் விலகினாலும், உங்கள் சிகிச்சையில் எக்குறையும் நேராது.