மண்வெட்டி, கடப்பாரை: தரம் பார்த்து வாங்குவது எப்படி?

கிணற்றுப் பாசனத் தோட்டமாயினும் மானாவாரிக் காடாயினும், மண்வெட்டி இல்லாத விவசாயி வீடு கொங்கு நாட்டில் இல்லை. டிராக்டரும் பவர் டில்லரும் வந்த பின்பும், வாய்க்கால் திருப்பவும், பாத்தி கட்டவும், தென்னைக்கு வட்டப்பாத்தி எடுக்கவும், மஞ்சள் வெட்டவும் கைக்கருவிகளே உதவுகின்றன. ஆயினும் விதைக்கும் உரத்துக்கும் நான்கு கடை ஏறி இறங்கும் விவசாயிகள் பலர், மண்வெட்டியை மட்டும் சந்தையில் வர்ணத்தைப் பார்த்து வாங்கி வந்துவிடுகின்றனர். சில நாட்களிலேயே அதன் வாய் மடங்கிவிடுகிறது. அல்லது கல்லில் பட்டவுடன் விள்ளல் விழுகிறது.

கருவியின் விலை மட்டுமே நட்டம் என்று எண்ணுவது தவறு. மழுங்கிய மண்வெட்டியால் ஓர் ஆள் செய்யும் வேலை குறைகிறது. கொடுக்கும் கூலி குறைவதில்லை. எடுத்துக்காட்டாக, 300 ரூபாய்க்கு வாங்கிய மண்வெட்டி ஒரே பருவம் உழைத்தால் பருவத்துக்கு 300 ரூபாய் செலவு. 600 ரூபாய் மண்வெட்டி நான்கு பருவம் உழைத்தால் பருவத்துக்கு 150 ரூபாய்தான். விலை குறைந்தது எது என்பதை இப்படிக் கணக்கிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

எஃகும் தோய்ச்சலும்

இரும்பில் கலந்துள்ள கரியின் அளவே அதன் உறுதியைத் தீர்மானிக்கிறது. ஜன்னல் கம்பிக்கும் கதவுக்கும் பயன்படும் சாதாரண இரும்பில் கரி நூற்றில் கால் பங்குக்கும் குறைவு. இதில் செய்த வாய் எளிதில் மடங்கும். எவ்வளவு சூடேற்றித் தோய்த்தாலும் போதிய கடினம் பெறாது. கரி நூற்றில் அரைப் பங்கு அளவில் உள்ள எஃகே வெட்டும் வாய்க்கு ஏற்றது. லாரியின் பழைய வில் பட்டையைக் கிராமத்துக் கொல்லர்கள் விரும்பி வாங்குவதற்கு இதுவே காரணம்.

நல்ல எஃகு மட்டும் போதாது. தோய்ச்சலும் சரியாக அமைய வேண்டும். செக்கச் சிவக்கக் காய்ந்த வாயைத் தோய்த்தவுடன் அது மிகக் கடினமாகும். ஆனால் கண்ணாடி போல் உடையும். ஆகவே அதை மீண்டும் மெல்லச் சூடேற்றிப் பதப்படுத்த வேண்டும். தேய்த்துப் பளபளப்பாக்கிய இடத்தில் முதலில் வைக்கோல் நிறமும், பிறகு பழுப்பும், ஊதாவும், சுமார் 300 டிகிரி செல்சியஸில் நீலமும் தோன்றும். கல்லில் அடிபடும் மண்வெட்டிக்கு நீல நிறம் வரும் வரை பதப்படுத்துவது நல்லது. வில் பட்டை எஃகை நீரில் தோய்த்தால் நுண்ணிய வெடிப்பு விழக்கூடும். எண்ணெயில் தோய்க்கும்படி கொல்லரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இக்கலை இம்மண்ணுக்குப் புதிதன்று. நொய்யல் கரையில், சென்னிமலைக்கு அருகிலுள்ள கொடுமணலில் 1985 முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வுகளில் பண்டைய இரும்பு, எஃகு உலைகளின் எச்சங்கள் வெளிப்பட்டன.

கடையில் செய்யும் சோதனைகள்

1. மண்வெட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு கல்லால் தட்ட வேண்டும். மணி போல் கணீரென்று ஒலித்தால் நல்லது. ஓட்டை ஒலி வந்தால் எங்கோ வெடிப்பு இருக்கிறது.

2. சிறிய அரம் ஒன்றைக் கையோடு எடுத்துச் சென்று, கடைக்காரரின் அனுமதியுடன் வாயின் ஓரத்தில் தேய்த்துப் பார்க்கலாம். அரம் தாராளமாகச் சீவிக்கொண்டு போனால் வாய் மெத்து. சற்றும் பிடிக்காமல் வழுக்கினால் வாய் மிகக் கடினம், உடையும். சிரமப்பட்டுச் சிறிது பிடித்தால் பதம் சரி.

3. வாயைத் தரையில் ஊன்றி லேசாக அழுத்தினால் தகடு வளைந்து, விட்டவுடன் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். வளைந்தபடியே நின்றால் வாங்கக்கூடாது.

4. காம்பு நுழையும் துளைக்கும் தகட்டுக்கும் இடையிலுள்ள கழுத்தைக் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் முறிவது இந்த இடமே. பற்றவைப்பு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். துளைகளும் இடைவெளிகளும் கூடாது. தடித்த வர்ணப்பூச்சு இக்குறைகளை மறைக்கக்கூடும்.

5. சாணை பிடிப்பவரிடம் தீப்பொறியைப் பார்க்கலாம். பொறிகள் பூத்துச் சிதறினால் கரி மிகுந்த எஃகு. சிதறாமல் நீண்ட கோடுகளாக ஓடினால் சாதாரண இரும்பு.

மண்ணுக்கேற்ற கருவி

பாத்தி கட்டவும் வாய்க்கால் இழுக்கவும் அகன்ற தகடு ஏற்றது. சரளை கலந்த செம்மண்ணிலும் சுக்கான் நிலத்திலும் அகன்ற மெல்லிய தகடு தாங்காது. குறுகிய, தடித்த தகடே தேவை. இறுகிய நிலத்தை முதலில் கடப்பாரையாலோ குந்தாலியாலோ பெயர்த்துவிட்டு, பிறகே மண்வெட்டியால் அள்ள வேண்டும். மண்வெட்டியை நெம்புகோலாகப் பயன்படுத்தினால் எவ்வளவு நல்ல கழுத்தும் முறியும். மஞ்சள் தோண்டும்போது குறுகிய கருவியைச் செடியிலிருந்து சற்றுத் தள்ளிப் போட வேண்டும். வெட்டுப்பட்ட கிழங்கு விதைக்கு ஆகாது.

காம்பும் பாதுகாப்பும்

கருவேல், உசில், கல் மூங்கில் ஆகியவை காம்புக்கு ஏற்றவை. நார் நேராக ஓடும் முடிச்சில்லாத கட்டையைத் தேர்ந்தெடுத்து, நிழலில் நன்கு உலர்த்திய பின்னரே பொருத்த வேண்டும். பச்சைக் கட்டை கோடையில் சுருங்கித் தளரும். தளர்ந்த காம்பைத் தண்ணீரில் ஊறவைத்து இறுக்குவது ஒரு நாளைக்கு உதவும். காய்ந்ததும் முன்னிலும் அதிகமாகத் தளரும். ஆப்பு வைத்து இறுக்குவதே முறை. காம்பின் நீளம் வேலை செய்பவரின் உயரத்துக்கு ஏற்ப இருந்தால் இடுப்பு வலி குறையும்.

சம்மட்டியால் அடிபட்டுக் கடப்பாரையின் தலை காளான் போல் விரிந்திருந்தால், அந்த விளிம்பைத் தேய்த்து நீக்காமல் பயன்படுத்தக்கூடாது. அதிலிருந்து தெறிக்கும் இரும்புத் துணுக்கு கண்ணையே பறித்துவிடும். மண்வெட்டி காலில் பட்டுக் காயமானால், காயம் சிறிதாயினும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஆரம்ப சுகாதார நிலையம் சென்று ரணஜன்னி தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும்.

பராமரிப்பு

வேலை முடிந்ததும் மண்ணைக் கழுவி, துடைத்து, உலர்த்தி, தகட்டில் சிறிது எண்ணெய் தடவ வேண்டும். உர மூட்டைகளுக்கு அருகில் கருவிகளை வைக்கக்கூடாது. பொட்டாஷ் போன்ற உப்பு உரங்கள் துருவை விரைவுபடுத்தும். சாணை பிடிக்கும்போது அடிக்கடி நீரில் நனைக்க வேண்டும். இல்லாவிடில் வாய் அளவுக்கு மீறிச் சூடேறி, போட்ட தோய்ச்சல் போய்விடும்.

மண்ணில் உலோகம் தட்டுப்பட்டால்

கொங்கு நாட்டு நிலங்களில் பழங்காசுகள் கிடைப்பதுண்டு. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-ஆம் ஆண்டில் ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. இவ்வாறு ஏதேனும் தட்டுப்பட்டால் உடனே தோண்டுவதை நிறுத்த வேண்டும். மேலும் ஒரு வெட்டு விழுந்தால் பொருள் சிதையும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் பற்றி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைப்பவர் தமக்குரிய பங்கை இழப்பதுடன் தண்டனைக்கும் ஆளாவார்.

அடுத்த முறை சந்தைக்குச் செல்லும் விவசாயிகள் ஓர் அரத்தையும் ஒரு முழம் கயிற்றையும் பையில் போட்டுக்கொண்டு போகலாம். ஐந்து நிமிடச் சோதனை, வீட்டுப் பணத்தையும் வேலை செய்பவரின் உடம்பையும் காக்கும்.