கடைசல் பேனா: உறுப்புகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பனையோலையில் எழுத்தாணியால் கீறிய காலம் போய், இறகுப் பேனா, கட்டைப் பேனா, ஊற்றுப் பேனா, பந்துமுனைப் பேனா என எழுதுகோல் பல வடிவம் எடுத்து நம் கைக்கு வந்திருக்கிறது. கடையில் வாங்கும் பேனாவை மை தீர்ந்ததும் எறிந்துவிடுகிறோம். ஆனால் ஒரு பேனாவை நாமே மரத்தில் கடைந்து செய்யலாம் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பலர் இதனை ஓய்வுநேரக் கைத்தொழிலாகக் கொண்டுள்ளனர். அம்பாசமுத்திரத்துக் கடைசல் சொப்புகளைப் பார்த்தவர்களுக்கு இவ்வேலை புதிதாகத் தோன்றாது. சுழலும் மரத்தில் உளியை வைத்து உருட்டி எடுக்கும் அதே கலைதான் இதுவும்.

மரத்தைக் கடைவது நம்மால் ஆகும். ஆனால் பேனாவின் முனைப்பகுதி, மரை, மூடியின் தலைப்பு, கிளிப் முதலிய உலோக உறுப்புகளை வீட்டில் செய்ய இயலாது. இவற்றையெல்லாம் ஒரே உறையில் போட்டு விற்கிறார்கள். இதற்குப் 'பேனா கிட்' என்று பெயர். தைவான் நாட்டில் இவை பெருமளவில் தயாராகின்றன. ரோலர்பால் பேனாவுக்கான கிட்டை எவ்வாறு ஆராய்ந்து வாங்குவது என்பதையே இக்கட்டுரையில் காண்போம்.

நம் நாட்டில் கிட் இல்லாமலே பேனா கடையும் மரபும் உண்டு. ஆந்திர மாநிலம் ராஜமுந்திரியில் 1932-இல் தொடங்கிய ரத்னம் பேனா அதற்குப் புகழ்பெற்ற சான்று. அங்கே எபனைட் எனப்படும் கடினமாக்கிய ரப்பர்த் தண்டைக் கடைந்து, மரையையும் அதிலேயே வெட்டுவர். அதற்குப் பல ஆண்டுப் பயிற்சி வேண்டும். புதிதாகக் கற்பவர்களுக்குக் கிட்டே எளிய வழி.

ஏன் இவ்வளவு யோசனை?

ஒரு கிட்தானே, எதை வாங்கினால் என்ன என்று நினைக்கக்கூடாது. கிட்டோடு வரும் பித்தளைக் குழாயை மரத்தின் உள்ளே பசையிட்டு ஒட்டுகிறோம். பிறகு அந்தக் கிட்டின் அளவுக்கே மரத்தைக் கடைகிறோம். அதன்பின் அம்மரம் வேறு எந்தக் கிட்டுக்கும் பயன்படுவது அரிது. கடையில் வாங்கிய மரத்துண்டானால் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். ஆனால் தாத்தா படுத்த கட்டிலின் கால், இடித்த பழைய வீட்டின் நிலைச்சட்டம் போன்றவற்றிலிருந்து எடுத்த துண்டு என்றால் என்ன செய்வோம்? அப்படிப்பட்ட மரம் மறுபடி கிடைக்காது. இரண்டு ஆண்டுகளில் முலாம் உரிந்தோ, ரீஃபில் கிடைக்காமலோ அந்தப் பேனா மேசை இழுப்பறையில் கிடந்தால் மரமும் உழைப்பும் வீண்தானே? ஆகவே உளியைத் தொடும் முன்பே கிட்டைப் பற்றிச் சிந்திக்க வேண்டும்.

முதலில் மையை அறிவோம்

ஹங்கேரி நாட்டுப் பத்திரிகையாளர் லாஸ்லோ பிரோ 1938-இல் பந்துமுனைப் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் மை எண்ணெய் கலந்தது, கெட்டியானது. விரைவில் காயும், தாளில் ஊறாது. ஆனால் சற்று அழுத்தி எழுத வேண்டும். ஜப்பானில் 1964-இல் ஓட்டோ நிறுவனம் நீர் கலந்த மையைப் பந்துமுனையில் ஓடவிட்டு ரோலர்பால் பேனாவை உருவாக்கியது. 1984-இல் ஜப்பானின் சக்குரா நிறுவனம் ஜெல் மையைக் கொண்டுவந்தது.

ரோலர்பால் பேனாவில் மை நீர்போல் இளகியிருப்பதால் தாளைத் தொட்டாலே எழுதும். நீண்ட நேரம் எழுதினாலும் விரல் வலிக்காது. ஆனால் குறைகளும் உண்டு. மூடாமல் வைத்தால் முனை உலர்ந்துவிடும். மெல்லிய தாளில் பின்புறம் மை தெரியும். இடக்கையால் எழுதுபவர்களின் கை பட்டு எழுத்து கலைவதும் உண்டு. முனை உலராமல் காப்பதற்காகவே ரோலர்பால் கிட்டில் தனி மூடி இருக்கிறது. உடலுக்கு ஒன்றும் மூடிக்கு ஒன்றுமாக இரண்டு பித்தளைக் குழாய்கள் இருப்பதும் இதனால்தான்.

கிட்டில் காண வேண்டியவை ஐந்து

1. ரீஃபில். எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது இதுவே. பெரும்பாலான ரோலர்பால் கிட்டுகள் ஏறக்குறைய 110 மில்லிமீட்டர் நீளமும் 6 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள பொது அளவு ரீஃபிலை ஏற்கும். ஜெர்மனியின் ஷ்மிட் நிறுவனம் செய்யும் 888 என்னும் ரீஃபில் இவ்வகையைச் சேர்ந்தது. இந்த அளவில் பல நிறுவனங்கள் ரீஃபில் செய்கின்றன. ஒரு நிறுவனம் நிறுத்திவிட்டாலும் மற்றொன்று கிடைக்கும். தனி அளவு ரீஃபில் மட்டுமே பொருந்தும் கிட்டை, அது எவ்வளவு அழகாயிருந்தாலும், ஒதுக்கிவிடுவது நல்லது. சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம் என்ற கதையாக, பேனாவைவிட ரீஃபிலைத் தேடி அலைவதே பெருஞ்செலவாகிவிடும். கிட்டோடு வரும் ரீஃபில் சில வேளைகளில் மட்டமானதாக இருக்கும். எழுத்து தடைப்பட்டால் பேனாவையே குறைசொல்லாமல் நல்ல ரீஃபிலை மாற்றிப் பார்க்க வேண்டும்.

2. பருமனும் எடையும். ரோலர்பால் கிட்டுகள் பொதுவாகப் பருமனானவை. அவற்றிலும் பெரியது, சிறியது என வகைகள் உண்டு. 'ஜூனியர்' என்று பெயர் தொடங்கும் கிட்டுகள் பெரிய கிட்டின் சிறு வடிவங்கள். நம் போன்ற சிறிய கைகளுக்கு இவையே ஏற்றவை. பேனாவை விரல்கள் பற்றும் இடத்தைக் கவனிக்க வேண்டும். மரம் முடிந்து உலோகப் பிடி தொடங்குமிடத்தில் பெரிய படி போன்ற இறக்கம் இருந்தால் விரலில் உறுத்தும். உலோகப் பிடி மிக வழவழப்பாக இருந்தால் வேர்த்த கையில் நழுவும். மூடியைப் பின்னால் செருகி எழுதும் வழக்கம் உள்ளவர்கள், செருகியபின் பேனா பின்பக்கம் சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய கிட்டுகளில் மூடியின் பாரம் எழுதும் கையைப் பின்னுக்கு இழுக்கும்.

3. மூடியும் மரையும். மூடியைத் திறக்க எத்தனை சுற்று வேண்டும்? சில கிட்டுகளில் நான்கைந்து சுற்று சுற்ற வேண்டும். ஒரே மரைக்குப் பதில் பல மரைகள் அருகருகே தொடங்கும்படி வெட்டிய கிட்டுகள் ஒரு சுற்றிலேயே திறக்கும். காந்தத்தால் மூடும் வகையும் உண்டு. மரை உலோகத்தில் இருக்கிறதா, பிளாஸ்டிக்கில் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நாள்தோறும் பலமுறை திறந்து மூடுவதால் பிளாஸ்டிக் மரை விரைவில் தேயும்.

4. முலாம். கடைக் கண்ணாடிப் பெட்டியில் நம் கண்ணை முதலில் கவர்வது இதுதான். ஆயினும் இதை நான்காவதாகவே வைக்கிறோம். 24 காரட் தங்க முலாம் பளபளக்கும். ஆனால் தங்கம் மென்மையான உலோகம். முலாமும் மிக மெல்லியது. விரல் உராயும் இடத்திலும் கிளிப்பிலும் விரைவில் தேய்ந்து உள்உலோகம் தெரியத் தொடங்கும். பொன்னிறமே வேண்டுமென்றால் டைட்டேனியம் நைட்ரைடு பூச்சு கேட்டு வாங்கலாம். இது மிகக் கடினமானது. வெள்ளி நிறத்துக்குக் குரோமியம் நல்லது, விலையும் குறைவு. பிளாட்டினக் குடும்பத்தைச் சேர்ந்த ரோடியம் இன்னும் சிறந்தது, விலை கூடுதல். கறுப்பு நிறத்தில், வெறும் வண்ணம் பூசியதைவிடக் கறுப்பு டைட்டேனியம் நீடித்து உழைக்கும்.

5. துளையும் புஷ்ஷும். ஒவ்வொரு கிட்டுக்கும் அதற்குரிய துளை அளவு உண்டு. எளிய மெல்லிய பந்துமுனைப் பேனாவுக்கு 7 மில்லிமீட்டர் துளை ஒன்றே போதும். ரோலர்பாலில் உடலுக்கு ஒரு துளை, மூடிக்கு அதைவிடப் பெரிய துளை. 'ஜூனியர் ஜென்டில்மேன்' வகைக் கிட்டில் இவை 10.5, 12.5 மில்லிமீட்டர். கடையும்போது மரத்தின் இருமுனையிலும் வைக்கும் அளவு வளையமான புஷ்ஷும் கிட்டுக்குக் கிட்டு மாறும். ஆகவே கிட்டின் விலையோடு டிரில் பிட், புஷ் ஆகியவற்றின் விலையையும் கூட்டியே கணக்கிட வேண்டும். பத்து விதக் கிட்டில் ஒவ்வொன்று வாங்குவதைவிட ஒரே வகையில் பத்துப் பேனா செய்வது சிக்கனம்; கையும் பழகும். பல கிட்டுகளில் அதே துளை, அதே புஷ்ஷுக்கு ஊற்றுப் பேனா வடிவமும் கிடைக்கிறது. முனைப்பகுதி மட்டுமே மாறும்.

மரத்தின் கணக்கு

பேனாவுக்கான மரத்துண்டு வழக்கமாக 19 மில்லிமீட்டர் சதுரமும் 127 மில்லிமீட்டர் நீளமும் உடையது. மூடியின் துளை 12.5 மில்லிமீட்டர், கடைந்து முடித்த விட்டம் 14.5 மில்லிமீட்டர் எனக் கொள்வோம். இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 2 மில்லிமீட்டர். அதில் பாதி, அதாவது 1 மில்லிமீட்டர்தான் மரச்சுவரின் கனம். ஈரம் உள்ள மரமானால் இவ்வளவு மெல்லிய சுவர் காய்ந்து சுருங்கும்போது வெடித்துவிடும். எனவே நன்கு உலர்ந்த மரமே தேவை. பழைய தேக்குச் சாமான்களின் துண்டுகள் இதற்கு மிகவும் ஏற்றவை. தச்சுப் பட்டறையில் எஞ்சும் ஈட்டி, பலா, வேம்புத் துண்டுகளையும் கேட்டு வாங்கி உலர்த்தி வைக்கலாம்.

செய்முறையைச் சுருக்கமாகக் கூறுவோம். மரத்தைக் குழாயின் நீளத்துக்குச் சற்று மிகுதியாக அறுத்து, நடுவில் துளையிட வேண்டும். பித்தளைக் குழாயின் மேற்பரப்பை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, எபாக்ஸி பசை தடவி உள்ளே செலுத்த வேண்டும். பசை இறுகியபின் மரத்தின் முனைகளைக் குழாயின் விளிம்போடு சமமாக்க வேண்டும். பிறகு புஷ்களுக்கிடையே பொருத்தி, புஷ்ஷின் அளவு வரை கடைய வேண்டும். 150-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 600 வரை படிப்படியாகத் தேய்த்து மெருகிட வேண்டும். கடைசியில் உலோக உறுப்புகளை வைஸில் வைத்து மெல்ல அழுத்திப் பொருத்த வேண்டும். அழுத்திப் பொருத்தியதைப் பிரிப்பது கடினம். ஆகையால் உறுப்புகளை முதலில் மேசைமேல் வரிசையாகப் பரப்பி, எது எங்கே என்று சரிபார்த்த பிறகே அழுத்த வேண்டும்.

பாதுகாப்பு

தோழியரே, இந்தப் பகுதியை மட்டும் இருமுறை படியுங்கள். சுழலும் லேத் முடியையும் துணியையும் கண்மூடித் திறப்பதற்குள் இழுத்துக்கொள்ளும். பின்னலைத் தூக்கிக் கொண்டையாக முடிந்துகொள்ள வேண்டும். தாவணி, துப்பட்டா, வளையல், மோதிரம் எதுவும் கூடாது. கையுறையும் அணியக்கூடாது, அதுவும் சுற்றிக்கொள்ளும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் மூக்கு வாய்க்கு முகமூடியும் கட்டாயம். ஈட்டி போன்ற மரங்களின் தூள் சிலருக்குத் தோல் அரிப்பும் மூச்சுத்திணறலும் உண்டாக்கும். பழகிய பெரியவர் ஒருவர் அருகில் இல்லாமல் இயந்திரத்தை இயக்கக்கூடாது.

யாருக்கு எந்தப் பேனா?

விரல் மூட்டு வலியுள்ள பாட்டிக்குப் பேனா செய்கிறோமா? பருமனாகவும் எடை குறைவாகவும் உள்ள கிட்டே வேண்டும். நாள் முழுதும் கையெழுத்திடும் ஆசிரியருக்கா? ஒரு சுற்றில் திறக்கும் மூடி வேண்டும். மூடியே தொல்லை என்பவருக்குப் பார்க்கர் அளவு ரீஃபில் ஏற்கும் பந்துமுனைக் கிட்டை வாங்கி, மூடி தேவைப்படாத ரோலர்பால் ரீஃபிலை அதில் போட்டுத் தரலாம். ஷ்மிட் நிறுவனத்தின் 8126 அத்தகையது. மெல்லிய தாள் நோட்டில் எழுதும் தங்கைக்கா? நுண்முனை ரீஃபில் போதும். தாள் மிகவும் மெல்லியதானால் பந்துமுனைப் பேனாவே செய்து கொடுக்கலாம்.

ஆகவே கடைக்குச் செல்லும்போது இந்த வினாக்களை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வோம். இதற்கு எந்த ரீஃபில்? அது நம் ஊரில் கிடைக்குமா? கையில் பிடித்தால் உறுத்துகிறதா? மரை எதனால் ஆனது? என்ன முலாம்? டிரில் பிட்டும் புஷ்ஷும் சேர்த்து என்ன விலை? இவற்றுக்குச் சரியான விடை கிடைத்தபின் நிறத்தையும் அழகையும் பார்த்துக்கொள்ளலாம்.

பேனாவை வாங்குகிறவர் அதன் பளபளப்பைச் சில நாள் பார்ப்பார். எழுதுகிறவரோ பல ஆண்டு அதைக் கையில் பிடிப்பார். ஆகையால் எழுதப்போகும் அந்தக் கையை நினைத்துக் கிட்டைத் தேர்ந்தெடுப்போம். அப்படிச் செய்த பேனாவில் ரீஃபில் தீரும், மாற்றலாம். மரம் மட்டும் தொடத்தொட மெருகேறிக்கொண்டே இருக்கும்.