கடைக்கு ஒரு நல்ல மடக்குக் கத்தி

தராசு வாங்கினால் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறோம். கல்லாப்பெட்டிக்குப் பூட்டு வாங்கினால் நாலு கடை ஏறி இறங்குகிறோம். ஆனால் காலையில் கடை திறந்தது முதல் இரவு அடைக்கும் வரை ஐம்பது முறையாவது கைக்கு வருகிற கத்தியை மட்டும், பஸ் நிலையத்துத் தள்ளுவண்டியில் கிடைத்ததை வாங்கி மேசைமேல் போட்டுவிடுகிறோம். சாக்கின் வாய்த் தையலை அறுக்க, சணலை வெட்ட, அட்டைப்பெட்டியின் டேப்பைக் கிழிக்க, பிளாஸ்டிக் பட்டியை அறுக்க எல்லாவற்றுக்கும் அதுதான். முதல் முறையாகத் தரமான மடக்குக் கத்தி ஒன்று வாங்க எண்ணும் வணிகர்கள் எதை எதைப் பார்க்க வேண்டும் என்பதை, நாங்கள் பட்டறிந்த வகையில் இங்கே எழுதுகிறோம்.

எங்களுக்கு இந்தப் புத்தி வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாலை நேரம், எங்கள் கடையில் நெடுநாள் வாடிக்கையாக வாங்கும் ஆசிரியை ஒருவர் வந்தார். கையில் காகித மடிப்பு. "அண்ணாச்சி, ரவையைச் சலிக்கும்போது இது கிடந்தது, பாருங்க" என்று பிரித்துக் காட்டினார். விரல் நகம் அளவுக்கு ஒரு இரும்புத் துண்டு. ஒரு பக்கம் கூர். பார்த்தவுடனேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. தள்ளி நீட்டுகிற கட்டர் இருக்கிறதே, அதன் முனைத் துண்டு. ரவை மூட்டையின் வாயை அறுக்கும்போது ஒடிந்து உள்ளே விழுந்திருக்கிறது. பையன் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் அடுத்த துண்டைத் தள்ளிக்கொண்டு வேலையைப் பார்த்திருப்பான். அந்தக் கட்டரின் பழக்கமே அதுதான்.

அந்த அம்மையார் சத்தம் போடவில்லை. "நான் சலிச்சதால தெரிஞ்சுது. சலிக்காதவங்க வீட்ல?" என்று மட்டும் கேட்டார். மீதி மூட்டையைத் தனியே எடுத்து வைத்தோம். கணக்கு வைத்து வாங்குபவர்களின் நோட்டைப் புரட்டி, அந்த மூட்டையிலிருந்து ரவை போன வீடுகளுக்கெல்லாம் ஆளனுப்பித் திரும்ப வாங்கினோம். ரொக்கத்துக்கு வாங்கிப் போனவர்கள் யார் என்று எப்படித் தேடுவது? ஒரே துண்டுதான் ஒடிந்திருக்கிறது என்பதை, கட்டரில் மீதமிருந்த துண்டுகளை எண்ணி ஊகித்துக்கொண்டோமே தவிர, இரண்டு நாள் தூக்கமில்லை.

இதில் சட்டமும் இருக்கிறது. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டத்தின் 54-ஆம் பிரிவின்படி, அயற்பொருள் கலந்த உணவை விற்றாலும், விற்பனைக்காக இருப்பு வைத்தாலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மூட்டை ஆலையிலிருந்து சுத்தமாகத்தான் வந்தது என்று சொல்லித் தப்ப முடியாது. வாயைத் திறந்தது நாம்.

கட்டரைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம். 1956-இல் ஜப்பானில் ஒகாடா யோஷியோ என்பவர், சாக்லெட் கட்டியைத் துண்டு துண்டாக ஒடிப்பதைப் பார்த்து உருவாக்கிய அருமையான கருவி அது. மழுங்கிய நுனியை ஒடித்து எறிந்தால் புதுக் கூர் கிடைக்கும். ஆனால் ஒடிவதற்கென்றே கோடு கிழித்துச் செய்த அலகை, திறந்த உணவுப் பண்டத்துக்கு மேல் பிடிக்கலாமா? சோப்பு, தீப்பெட்டி, நோட்டுப் புத்தகம் வருகிற பெட்டிகளுக்கு அது இருக்கட்டும். அரிசி, பருப்பு, சீனி, ரவை, மாவு மூட்டைகளுக்கு ஒரே துண்டான அலகுள்ள கத்திதான் வேண்டும். சமையல் கத்தி ஆகாதா என்றால், அதைச் சட்டைப் பையில் வைக்க முடியாது. மேசைமேல் திறந்து கிடந்தால் ஆபத்து. ஆகவேதான் மடக்குக் கத்தி.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது பூட்டு. அலகை விரித்தவுடன் அது தானே மடங்காதபடி பிடித்துக்கொள்ளும் அமைப்பு இருக்க வேண்டும். பலரும் அறிந்த விக்டோரினாக்ஸ் (கார்ல் எல்செனர் 1884-இல் சுவிட்சர்லாந்தின் இபாக் என்னும் ஊரில் தொடங்கியது) கத்திகளில் சட்டைப் பையில் வைக்கும் பல சிறிய வகைகளுக்குப் பூட்டுக் கிடையாது, வெறும் வில்லின் இறுக்கம்தான். பழம் நறுக்க, கடிதம் பிரிக்க அது போதும். பிளாஸ்டிக் பட்டிக்குள் நுழைத்து நெம்பும்போது அலகு திரும்பி விரல்மேல் மூடிக்கொள்ளும். பிரான்சு நாட்டு ஒப்பினெல் கத்தியில் 1955 முதல் ஒரு உலோக வளையம் உண்டு. அதைத் திருப்பினால் அலகு அசையாது. பின்முதுகில் அழுத்தித் திறக்கும் பூட்டு, பக்கத் தகடு வந்து தாங்கும் பூட்டு என்று வேறு வகைகளும் இருக்கின்றன. எதுவானாலும் சரி, கடையில் வேலை செய்யும் பையன் ஒரு முறை காட்டினால் புரிந்துகொள்ளக் கூடியதாக இருக்கட்டும். பொத்தானைத் தட்டினால் பாய்ந்து திறக்கும் கத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். அது வேலைக்கான கத்தி அல்ல. போலீசார் கண்ணிலும் அது வேறு பொருள்.

அலகு ஆறு முதல் எட்டு சென்டிமீட்டர் நீளம் போதும். நீளம் கூடினால் சாக்கைத் தாண்டி உள்ளிருக்கும் பாக்கெட்டுகளையும் கிழிக்கும். நுனி ஊசி போல் இருக்கக் கூடாது. வெட்டும் பக்கம் நேர்க்கோடாகவும், முதுகு வளைந்து இறங்கி நுனி மொண்ணையாகவும் உள்ள வகை ஒன்று உண்டு. மளிகைக் கடைக்கு அதைவிடப் பொருத்தம் வேறில்லை. குத்தாது, அறுக்கும். ரம்பப் பல் வைத்த அலகைச் சிலர் விரும்புவார்கள். சணலை அது வேகமாக அறுக்கும் என்பது உண்மை. ஆனால் நாரைப் பிய்த்துச் சரக்கில் உதிர்க்கும். தெருவில் வரும் சாணைக்காரரால் அதைத் தீட்டவும் முடியாது.

இரும்பைப் பற்றி ஒரு வார்த்தை. நம் கொல்லர்கள் லாரியின் வில் பட்டையில் அடித்துத் தரும் கத்தியின் கூருக்கு ஈடில்லை, தீட்டவும் எளிது. ஆனால் புளி பட்டால் கறுக்கும், உப்புப் பட்டால் துருப்பிடிக்கும். புளியும் உப்பும் இல்லாத மளிகைக் கடை எது? எனவே ஸ்டெயின்லெஸ் அலகே நமக்கு ஏற்றது. அதிலும் கடினம் பார்க்க வேண்டும். ராக்வெல் அளவு என்று ஒன்று உண்டு. நல்ல கத்தியின் விவரச் சீட்டில் 55 முதல் 58 வரை குறித்திருப்பார்கள். அதற்கு மிகக் குறைந்தால் அடிக்கடி மழுங்கும். மிகக் கூடினால் தீட்டுவது கஷ்டம், முனை உடையவும் கூடும். ஸ்டெயின்லெஸ் என்பதற்காக உப்பு மூட்டைமேல் இரவெல்லாம் கிடத்தினால் அதுவும் புள்ளி விழும்.

கைப்பிடி சிவப்போ மஞ்சளோ பளிச்சென்று இருக்கட்டும். கறுப்புக் கைப்பிடிக் கத்தி ஒன்று எங்கள் கடையில் உளுந்து மூட்டைக்குள் போய்ப் பத்து நாள் கழித்துக் கிடைத்தது.

வாங்கும் இடத்திலேயே சில சோதனைகள் செய்யலாம். அலகை விரித்துப் பூட்டி, பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். விரலை விலக்கிக்கொண்டு அலகின் முதுகை மேசைமேல் மெதுவாகத் தட்டுங்கள். பூட்டு நழுவக் கூடாது. மடக்கினால் அலகு நடுவில் அமர வேண்டும், பக்கச் சுவரில் உரசக் கூடாது. விளக்கடியில் கூரை மேல்நோக்கிப் பிடித்தால், மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். கடைசியாக, பழைய செய்தித்தாளை ஒரு கையில் பிடித்து அறுங்கள். கிழியாமல் வெட்டினால் வாங்கலாம்.

வாங்கிய பின் மூட்டுக்குள் மாவும் சர்க்கரையும் அடைவதுதான் தொல்லை. வாரம் ஒரு நாள் வெந்நீரில் பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து, நன்றாகத் துடைத்துக் காய வைக்க வேண்டும். மூட்டுக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய் விட்டால் நாளடைவில் பிசின் போல் ஒட்டும். உணவுக் கருவிகளுக்கென்று விற்கும் மினரல் எண்ணெய் ஒரு துளி போதும். பினாயில் பெட்டியும் எலி மருந்துப் பெட்டியும் பிரித்த கத்தியால் மாவு மூட்டையைத் தொடக் கூடாது என்பதைப் பையன்களுக்குச் சொல்லி வையுங்கள். அந்தச் சரக்குகளுக்குத்தான் கட்டர் இருக்கிறதே.

சாணைக்காரரிடம் கொடுத்தால் பக்கத்தில் நில்லுங்கள். உலர்ந்த சக்கரத்தில் அழுத்திப் பிடித்தால் அலகு சூடேறி நீலம் பாயும். நீலம் பாய்ந்த இடத்தில் பதம் போயிற்று, பிறகு அங்கே கூர் நிற்காது. ஒரு சிறு சாணைக்கல் வாங்கி, தண்ணீர் தெளித்து, இருபுறமும் ஏறத்தாழ இருபது டிகிரி சாய்வில் நாமே பத்துப் பத்து இழுப்பு இழுப்பது மேல். மழுங்கிய கத்திதான் கையை வெட்டும். அழுத்த வேண்டியிருப்பதால் வழுக்குகிறது. சரக்கெடுக்க விமானத்தில் போகிறவர்கள் கத்தியைக் கைப்பையில் மறந்து வைத்துவிடாதீர்கள், சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெஷினில் சங்கிலித் தையல் போட்ட சாக்குக்கு வாயை அறுக்கவே வேண்டாம். தையலின் ஒரு பக்கம் சாதாரண ஓட்டுத் தையலாகவும், மறுபக்கம் கண்ணி கண்ணியாகவும் இருக்கும். சாதாரணப் பக்கம் நம்மைப் பார்த்திருக்க, வலக்கோடியில் தொங்கும் நூல் வாலைச் சாக்கோடு ஒட்டி வெட்டி, நுனியைப் பிரித்து இழுத்தால் ஒரே இழுப்பில் முழுத் தையலும் கழன்று வரும். இரட்டை நூல் தையலானால் இரண்டு நூலையும் தனித்தனியே இழுக்க வேண்டும். நூல் துணுக்கு சரக்கில் விழாது; கிழியாத காலிச் சாக்குக்கு உரிய விலையும் கிடைக்கும்.