நீலம் என்றால் எந்த நீலம்? ஜெர்சியும் லோகோவும் மாற்றப்போகும் அணிகளுக்கு

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஏற்றுமதி ஆடை யூனிட்டுகள் இருக்கின்றன. ஆவடியில் ராணுவத்துக்கு உடை தைக்கும் ஓசிஎஃப் இருக்கிறது. கால்பந்து ஜெர்சி தைக்க நம் பக்கத்தில் ஆளுக்குப் பஞ்சமில்லை. அணிகள் சறுக்குவது தையலில் அல்ல, வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பார்த்து 'ஓகே' சொல்லும் இடத்தில்தான்.

முதலில், எதை மாற்றக் கூடாது என்று முடிவு செய்யுங்கள். என் கட்சி இதுதான்: நிறத்தைத் தொடாதீர்கள். 2012-இல் கார்டிஃப் சிட்டியின் உரிமையாளர் அணியின் நீலத்தைச் சிவப்பாக்கினார். ரசிகர்கள் விடவில்லை, 2015 ஜனவரியில் நீலம் திரும்பியது. கொல்கத்தாவில் 2020-இல் மோகன் பகான் ஏடிகேவுடன் இணைந்தபோது பெயர் மாறியது, ஆனால் பச்சை-மெரூன் நிறத்திலும் பாய்மரப் படகிலும் யாரும் கை வைக்கவில்லை. பெயருக்காக ரசிகர்கள் 2023 வரை போராடினார்கள். நிறத்தையும் மாற்றியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து லோகோ. சென்னையின் எஃப்சி 2014-இல் தொடங்கியபோது திருஷ்டி பொம்மையின் முகத்தை எடுத்துக்கொண்டது. பூந்தமல்லி பக்கம் கட்டிக்கொண்டிருக்கும் எந்த வீட்டைப் பார்த்தாலும் அந்த முகம் தொங்கும். விளக்கம் தேவைப்படாத சின்னம் அது. உங்கள் ஊரில் அப்படி என்ன இருக்கிறது என்று தேடுங்கள். சிங்கமும் கழுகும் வேண்டாம். வரைந்ததும் கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்து, நெஞ்சு பேட்ஜ் அளவுக்கு, அதாவது ஏழெட்டு சென்டிமீட்டருக்குச் சுருக்குங்கள். அரை சென்டிமீட்டருக்குக் குறைந்த எழுத்து எம்பிராய்டரியில் நூல் முடிச்சாகத்தான் தெரியும். தொடங்கிய ஆண்டு, ஊர்ப் பெயர், முழக்கம் எல்லாவற்றையும் வட்டத்துக்குள் திணிக்காதீர்கள். பிரிண்டருக்கு ஜேபெக் அனுப்பாதீர்கள், கோரல் டிரா ஃபைலாகக் கொடுங்கள்.

இனி, மாற்றாமல் வைத்த அந்த நிறத்தைத் துணியில் சரியாகக் கொண்டுவருவது. பணம் வீணாவது இங்கேதான். இப்போது பெரும்பாலான ஜெர்சிகள் சப்ளிமேஷன். வெள்ளைப் பாலியெஸ்டர் துணியில், பேப்பரில் அச்சடித்த மையைச் சுமார் 200 டிகிரி சூட்டில் ஏற்றுவார்கள். காட்டன் துணியில் இது நிற்காது. ஒரே ஃபைல்தான், ஆனால் பேப்பர் மாறினால், துணி மாறினால், மெஷினின் சூடு கொஞ்சம் ஏறி இறங்கினால் நீலம் ஊதாவாகிவிடும். கம்ப்யூட்டர் திரையில் பார்த்த நிறம் துணியில் வரும் என்று நம்பவே நம்பாதீர்கள்.

என்ன செய்ய வேண்டும்? உங்கள் நிறம் நீலம் என்றால், ஜெர்சிக்கு வாங்கப்போகும் அதே துணியில் ஐந்தாறு நீலங்களைப் பட்டை பட்டையாக அடித்து, ஒவ்வொன்றிலும் அதன் கலர் எண்ணையும் அச்சிடச் சொல்லுங்கள். அதை எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போங்கள். நாலு மணி வெயிலில் ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நீங்கள் எதிர்க்கோடியில் நின்று பாருங்கள். இருட்டியதும் ஃப்ளட்லைட்டில் பாருங்கள். பிறகு தண்ணீரில் நனைத்துப் பாருங்கள். சென்னைப் புழுக்கத்தில் பதினைந்தாவது நிமிடமே ஜெர்சி நனைந்துவிடும், ரசிகர் பார்ப்பது அந்த நிறத்தைத்தான். இளஞ்சாம்பல் இந்தச் சோதனையில் தேறாது, பட்டியலிலேயே சேர்க்காதீர்கள்.

செலவைக் குறைக்க, சாயம் போட்ட ரெடிமேட் ஜெர்சி வாங்கி எண்ணை ஹீட் பிரெஸ்ஸில் ஒட்டலாம். சிவப்பில் மட்டும் ஜாக்கிரதை. சூட்டில் சாயம் மேலேறி, வெள்ளை எண் சில நாளில் ரோஸ் ஆகிவிடும். சாயத்தைத் தடுக்கும் ஸ்டிக்கர் தனியாகவே கிடைக்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

எண்ணைப் பற்றி இரண்டு விதிகள்: ஃபிஃபா முதுகு எண்ணுக்கு 25 முதல் 35 சென்டிமீட்டர் உயரம் சொல்கிறது. கோடு போட்ட ஜெர்சி என்றால் முதுகில் எண்ணுக்குப் பின்னால் ஒரே நிறத்தில் இடம் விடுங்கள்.

இரண்டாவது ஜெர்சியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளாதீர்கள். சென்னையினும் நீலம், பெங்களூரு எஃப்சியும் நீலம், மும்பை சிட்டி வெளிர் நீலம். இவர்கள் மோதும்போது ஒரு அணி மாற்றித்தான் ஆக வேண்டும். வெள்ளையே போதும். கோல்கீப்பருக்கு இரண்டு அணிகளிடமும் நடுவரிடமும் இல்லாத நிறம் வேண்டும், அதையும் இதே ஆர்டரில் சேர்த்துவிடுங்கள்.

முழு ஆர்டருக்கு முன் ஒரே ஒரு ஜெர்சி தைத்து வாங்கி, வீட்டுச் சோப்புத்தூளில் நாலைந்து முறை துவைத்து, ஒரு பயிற்சி ஆட்டத்தில் போட்டு ஓடச் சொல்லுங்கள். அக்குளில் உரசுகிறதா, எண் உரிகிறதா என்பது அப்போது தெரியும். எல்லாம் சரியென்றால் அதே துணியில் இரண்டு துண்டு வெட்டி, தேதி போட்டு, இரு தரப்பும் கையெழுத்திட்டு, ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் துண்டு கையில் வராமல் அட்வான்ஸ் தராதீர்கள்.