நீலப்புள்ளியின் தடுமாற்றம்

நுழையும்முன்

ஊர்ச்சாவடியில் நின்று வழி கேட்ட காலம் போய், கையிலுள்ள திறன்பேசியிடம் வழி கேட்கும் காலம் வந்துள்ளது. அது சொல்லும் விடை சில வேளைகளில் தாமதமாகிறது. சில வேளைகளில் தவறாகிறது. நெஞ்சுவலியால் துடிப்பவரை ஏற்றிச்செல்ல வரும் 108 அவசர ஊர்தி, அடுத்த தெருவில் நின்று வீடு தேடுமானால் அத்தவறு சிறியதன்று. அது எதனால் நேர்கிறது, எவ்வாறு திருத்திக்கொள்வது என்பதை, மதுரையையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் களமாகக் கொண்டு இப்பாடம் விளக்குகிறது.

கேட்பதும் கணக்கிடுவதும்

திறன்பேசித் திரையில் தோன்றும் நீலப்புள்ளியை, வானிலிருந்து செயற்கைக்கோள் பார்த்துக் குறித்து அனுப்புவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மை அதற்கு மாறானது. ஜி.பி.எஸ். எனப்படும் உலகளாவிய இடங்காட்டும் அமைப்பின் செயற்கைக்கோள்கள் எந்தத் திறன்பேசியையும் அறியா. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி, தாம் இருக்கும் இடத்தையும் அப்போதைய நேரத்தையும் இடைவிடாது அறிவித்துக்கொண்டிருப்பதே அவற்றின் பணி. அவ்வறிவிப்பைக் கேட்பதும், அது வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு தொலைவைக் கணக்கிடுவதும் திறன்பேசியின் வேலை.

வானொலி அலை நொடிக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீட்டர் செல்லும். ஆகவே, நேரக்கணக்கில் ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு பிழைத்தாலும் தொலைவு 300 மீட்டர் பிழைத்துவிடும். செயற்கைக்கோள்களில் அணுக்கடிகாரங்கள் பொருத்தப்படுவது இதனால்தான். திறன்பேசியிலோ எளிய குவார்ட்சு கடிகாரமே உள்ளது. அதன் பிழையையும் கணக்கிட்டு நீக்கவேண்டியிருப்பதால், இடத்தை அறிய மூன்று செயற்கைக்கோள்கள் போதா. நான்காவது ஒன்றும் வேண்டும்.

தெரிந்து தெளிவோம்: பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். குறிப்பலைகளை அமெரிக்கா நெடுங்காலம் வேண்டுமென்றே பிழைபட அனுப்பிவந்தது. 2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அவ்வழக்கம் கைவிடப்பட்டது. இன்று திறந்தவெளியில் திறன்பேசி காட்டும் இடம் பெரும்பாலும் ஐந்து மீட்டருக்குள் சரியாக இருக்கும்.

ஏன் காத்திருக்க நேர்கிறது?

செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தை நொடிக்கு 50 பிட் என்னும் மிக மெதுவான வேகத்தில் ஓதுகிறது. ஒரு செயற்கைக்கோளின் விவரம் 30 நொடிக்கு ஒருமுறை திரும்ப வரும். எல்லாச் செயற்கைக்கோள்களின் தோராயமான பட்டியலையும் முழுவதும் கேட்க 12.5 நிமிடம் ஆகும். கேட்டுக்கொண்டிருக்கும்போது கட்டடமோ பேருந்தின் கூரையோ குறுக்கிட்டால், விடுபட்டதற்காக அடுத்த சுற்றுவரை காத்திருக்கவேண்டியதே.

இக்காத்திருப்பைக் குறைப்பதற்கே அலைபேசிக் கோபுரங்கள் உதவுகின்றன. அதே விவரத்தை இணையத்தின் வழியாகச் சில நொடிகளில் அவை கொடுத்துவிடுகின்றன. இணையம் இல்லையேல் இடங்காட்டி இயங்காது என்னும் எண்ணம் இதனால் எழுந்தது. அது தவறு, இணையம் இல்லையேல் தாமதமாக இயங்கும். பலநாள் அணைத்து வைத்திருந்த திறன்பேசியை உசிலம்பட்டிக்கு அப்பால், கோபுரத்தொடர்பு குறைந்த இடத்தில் எடுப்பவர், வானம் தெரியும் இடத்தில் ஓரிரு நிமிடம் நகராமல் நிற்பதே தக்க செயல். பொறுமையிழந்து செயலியை மீண்டும் மீண்டும் மூடித் திறப்பதால் பயனில்லை.

மாசி வீதியில் நேர்வது

மீனாட்சியம்மன் கோயிலை நடுவாகக் கொண்டு ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி வீதிகள் சதுரம் சதுரமாக அமைந்த நகரம் மதுரை. வரைபடத்தில் இதனினும் தெளிவான ஊரைக் காண்பது அரிது. ஆயினும், இவ்வீதிகளுக்கு இடைப்பட்ட சந்துகளில்தான் நீலப்புள்ளி மிகுதியாகத் தடுமாறுகிறது. இருபுறமும் உயர்ந்த கடைகளுக்கு நடுவே வானம் ஒரு கீற்றாகவே தெரிகிறது. தலைக்கு மேலுள்ள ஓரிரு செயற்கைக்கோள்களின் அலைகளே நேராக வருகின்றன. மற்றவை எதிர்ச்சுவரிலும் கண்ணாடி முகப்பிலும் பட்டுத் தெறித்து வருகின்றன. தெறித்த அலை 60 மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்திருந்தால், அச்செயற்கைக்கோள் 60 மீட்டர் தள்ளி இருப்பதாகவே திறன்பேசி கொள்ளும். தெற்கு மாசி வீதியில் நிற்பவரைப் பக்கத்துச் சந்தில் நிற்பவராக அது காட்டுவதற்கு இவ்வளவு பிழை போதும்.

இங்கே உதவுவன இரண்டு. ஒன்று, நாற்சந்திக்கு நடந்து சென்று பார்த்தல். மற்றொன்று, அமைப்புகளில் அருகலைத் தேடலை இயக்கிவைத்தல். சுற்றியுள்ள கடைகளின் அருகலைக் கருவிகளைக் கொண்டும் திறன்பேசி இடத்தை உய்த்துணரும். வானம் மறைந்த கடைத்தெருவில் அது நல்ல துணை.

2023ஆம் ஆண்டு ஏப்ரலில் திறக்கப்பட்ட, 7.3 கிலோமீட்டர் நீளமுள்ள நத்தம் சாலை மேம்பாலம் வேறொரு சிக்கலைக் காட்டுகிறது. மேலே செல்லும் வண்டிக்கும் கீழே செல்லும் வண்டிக்கும் நிலப்படத்தில் இடம் ஒன்றே, வேறுபாடு உயரத்தில்தான். செயற்கைக்கோள்கள் எல்லாம் மேற்புறத்திலேயே இருப்பதால், உயரக் கணக்கு கிடைத்தளக் கணக்கைவிட எப்போதும் நலிந்தது. அதனால் பாலத்தின்மேல் செல்பவரையும் கீழ்ச்சாலையில் செல்பவராகக் கருதிச் செயலி திருப்பம் சொல்லக்கூடும். பாலத்தின் கீழே செல்வோர்க்கோ வானமே மறைகிறது. இவ்விடத்தில் திறன்பேசியைக் குறைகூறிப் பயனில்லை. பெயர்ப்பலகையைப் பார்ப்பதே முறை.

சமவெளியில் நேர்வது

மேலூர், வாடிப்பட்டி, அலங்காநல்லூர்ப் பக்கத்து வயல்வெளியில் நிலைமை தலைகீழாகும். அங்கே வானம் விரிந்து கிடக்கிறது. புள்ளி சரியாகவே விழுகிறது. தவறுவது வரைபடம். கண்மாய்க்கரைப் பாதை, மழைக்காலத்தில் வண்டி செல்ல இயலாதது என்பதை வரைபடம் அறியாது. முகவரியைத் தட்டெழுதினால், தோட்டத்து வீட்டைக் காட்டாமல் ஊரின் நடுப்பகுதியைக் காட்டிவிடும். நகரில் புள்ளியை ஐயுறவேண்டும். நாட்டுப்புறத்தில் வரைபடத்தை ஐயுறவேண்டும். இவ்விரண்டையும் பிரித்தறியாமல் ‘ஜி.பி.எஸ். சரியில்லை’ என்று ஒரே சொல்லில் முடிப்பதால்தான் மருந்து வேறிடத்தில் தேடப்படுகிறது.

இத்தகைய இடத்திலிருந்து உதவிக்கு அழைப்பவர், ஊர்ப்பெயருடன் அகலாங்கு, நெட்டாங்கு எண்களையும் சொல்வது நன்று. வரைபடச் செயலியில் தாம் நிற்கும் இடத்தின்மேல் விரலைச் சற்று அழுத்தி வைத்தால் அவ்வெண்கள் தோன்றும். மதுரை நகரம் வடக்கு அகலாங்கு 9.92, கிழக்கு நெட்டாங்கு 78.12 அளவில் உள்ளது. புள்ளிக்குப்பின் நான்கு இலக்கம் சொன்னால் ஏறத்தாழ 11 மீட்டருக்குள் இடம் விளங்கிவிடும். இணையம் கிடைக்காதபோது குறுஞ்செய்தியாகவும் அவற்றை அனுப்பலாம்.

கருவிக்குள் இருக்கும் தடைகள்

மின்சேமிப்பு முறை இயக்கத்தில் இருந்தால், திரை அணைந்தவுடன் இடங்காட்டியும் ஓய்ந்துவிடக்கூடும். செயலிக்குத் ‘துல்லியமான இருப்பிடம்’ என்னும் இசைவு மறுக்கப்பட்டிருந்தால், அது தோராயமான வட்டாரத்தை மட்டுமே அறியும். உலோகம் கலந்த உறை அலையைத் தடுக்கும்; காந்தம் பொருந்திய உறை திசைகாட்டியைக் குழப்பும். நடப்பவரின் திசை மட்டும் மாறித் தெரிந்தால், திறன்பேசியை எட்டு என்னும் எண்ணின் வடிவில் காற்றில் சிலமுறை அசைத்தால் திசைகாட்டி சீராகும். இவை அனைத்தும் இரண்டு நிமிட வேலை.

வானமே காரணமாகும்போது

எந்த அமைப்பாலும் திருத்த இயலாத ஒரு காரணம் தென்தமிழகத்திற்கு உரியது. புவியின் காந்த நடுக்கோடு இந்தியத் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963 நவம்பர் 21 அன்று இந்திய மண்ணிலிருந்து முதல் ஆய்வு ஏவூர்தியை ஏவுவதற்குத் தும்பா தேர்ந்தெடுக்கப்பட்டதும், இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் திருநெல்வேலியில் ஆய்வகம் நடத்துவதும் இக்கோட்டின் அண்மையினால்தான். இப்பகுதியின் அயனி மண்டலம், கதிரவன் மறைந்தபின், குறிப்பாக மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிய நாள்களில் கொந்தளிப்பதுண்டு. அப்போது அதனைக் கடந்துவரும் அலை மினுமினுத்து வலுவிழக்கும். அமைதியான நாளிலும் அயனி மண்டலம் அலையைச் சற்றே தாமதப்படுத்தும். அத்தாமதம் அலைவரிசைக்கு அலைவரிசை வேறுபடுவதால், எல்1, எல்5 என இரு வரிசைகளையும் கேட்கும் திறன்பேசி அப்பிழையைக் கணித்து நீக்கிக்கொள்ளும்.

இந்தியாவின் நாவிக் அமைப்பு 2013 சூலை 1 அன்று ஏவப்பட்ட செயற்கைக்கோளுடன் தொடங்கியது. அம்முதல் செயற்கைக்கோளின் மூன்று அணுக்கடிகாரங்களும் பின்னர்ப் பழுதுற்றன. நாவிக் எல்5, எஸ் அலைவரிசைகளில் மட்டும் பேசியதால், எல்1 மட்டுமே கேட்கும் எளிய திறன்பேசிகளுக்கு அது எட்டவில்லை. இவ்விரு குறைகளையும் நோக்கி, இந்தியாவில் உருவான அணுக்கடிகாரத்துடனும் எல்1 வரிசையுடனும் என்.வி.எஸ்.-01 2023 மே 29 அன்று ஏவப்பட்டது. 2025 சனவரியில் சென்ற என்.வி.எஸ்.-02 உரிய சுற்றுப்பாதையை அடையவில்லை. ஒரு திறன்பேசி எவ்வெவ்வமைப்பை, எவ்வலைவரிசையில் கேட்கும் என்பது அதன் விவரக்குறிப்பில் ஒரு வரியாக அச்சிடப்பட்டிருக்கும். ஒளிப்படக்கருவியின் திறனைப் பற்றிய வரிகளுக்கு நெடுந்தொலைவு கீழே.